அலர்ஜிப் பிள்ளையும் படிப்பும்: வீட்டில் நடக்கும் தவறுகள்

"தும்மல்காரப் பிள்ளைக்கு மூளை ஜாஸ்தி" என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. "இளைப்பு (ஆஸ்துமா) வந்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. இரண்டையுமே நம்ப வேண்டாம்.

பெருமைப் பேச்சுக்கு ஒரு அடிப்படை இருக்கிறது. கணக்கில் அபாரத் திறமை காட்டிய மாணவர்களை 1980களில் அமெரிக்காவில் கமில்லா பென்போ ஆராய்ந்தார். அவர்களில் பாதிப்பேருக்கு மேல் அலர்ஜி இருந்தது. ஆனால் கெட்டிக்காரர்களில் பலருக்கு அலர்ஜி இருப்பதால், அலர்ஜி உள்ள எல்லோரும் கெட்டிக்காரர் ஆகிவிட மாட்டார்கள். அதை நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போடுவது பெரிய தவறு.

அலர்ஜி அறிவைக் குறைப்பதும் இல்லை. கெடுவது தூக்கம். ராத்திரி முழுக்க முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டும், மூக்கடைத்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டும் புரண்ட பிள்ளை, விடிகிற நேரத்தில்தான் அசந்து தூங்கும். அதை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பினால் முதல் பீரியடிலேயே கொட்டாவி. "மந்தம்" என்று பெயர் வாங்குவது இப்படித்தான்.

அடுத்தது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சிரப். குளோர்பெனிரமின் போன்ற பழைய அலர்ஜி மருந்துகள் மறுநாளும் மப்பாகவே வைத்திருக்கும். 2007-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், மகரந்த அலர்ஜித் தொல்லை இருந்த மாணவர்களுக்கு இறுதித் தேர்வில் கிரேடு இறங்கும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடியது. தூக்கம் தரும் அலர்ஜி மருந்து எடுத்தவர்களுக்கு 70 சதவீதம். தூக்கம் அவ்வளவாக வராத மருந்துகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள். "பம்பு பழகிவிடும்" என்று இன்ஹேலரை ஒதுக்குவதும் தவறுதான். அது பழக்கமாகிற மருந்து இல்லை.

நம் செட்டிநாட்டு வீடுகளில் தூசியைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்றால்தான் பல வீடுகள் திறக்கின்றன. இரண்டாங்கட்டு அறையில் பூட்டிக் கிடந்த இலவம்பஞ்சு மெத்தையையும் ஜமுக்காளத்தையும் தட்டி விரித்து, அன்று ராத்திரியே பிள்ளைகளைப் படுக்க வைக்கிறோம். அதில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் மண்டிக் கிடக்கும். இரண்டு நாள் முன்னதாகவே ஆளை அனுப்பி மெத்தையை நல்ல வெயிலில் போடுங்கள். விரிப்புகளை வெந்நீரில் துவையுங்கள். ஆத்தங்குடித் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். இளைப்பு உள்ள பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம்.

அப்புறம் சாப்பாடு. கரப்பான் (தோல் தடிப்பு, அரிப்பு) உண்டாக்கும் பண்டம் என்று முட்டை, மீன், இறால், கத்திரிக்காய் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடுகிறார்கள். சத்து குறைந்து, இரும்புச்சத்தும் இறங்கினால் படிப்பு உண்மையாகவே அடிபடும். எதைச் சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் தடிப்பு வந்தது என்று குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஆகாததை மட்டும் விலக்கினால் போதும்.

ஏதாவது சாப்பிட்டதும் உதடு வீங்கி மூச்சுத் திணறினால், கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எந்தப் பண்டம் ஆகாது என்பதை வகுப்பு டீச்சரிடமும் சத்துணவுக் கூடத்திலும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.