செட்டிநாட்டில் இன்னும் ஓடும் நானோ: தெரியாமல் செய்கிற தவறுகள்

டாடா நானோ 2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் தலைகாட்டி, 2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. ‘ஒரு லட்ச ரூபாய் கார்’ என்று ஊரெல்லாம் பேசினார்கள். பத்து வருடம்கூடத் தாக்குப்பிடிக்காமல் 2018 வாக்கில் உற்பத்தி ஓய்ந்துபோனது. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வந்தால் இன்றைக்கும் அங்கங்கே ஒன்று கண்ணில் படும். கடைவீதிக்குப் போய்வர தினமும் எடுப்பவர்கள் ஒரு வகை. சென்னையிலோ கோவையிலோ குடியிருந்துகொண்டு, கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு, கோயில் காரியம் என்று ஊருக்கு வரும்போது மட்டும் எடுப்பதற்காகப் பெரிய வீட்டில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று புதிதாக வாங்குகிறவர்களும் உண்டு.

இவர்கள் எல்லோரும் செய்கிற தவறுகளுக்கு அடிப்படை ஒன்றுதான்: நானோவை ஆல்ட்டோ மாதிரியோ பழைய மாருதி 800 மாதிரியோ நினைத்துவிடுகிறார்கள். அந்த வண்டிகளில் முன்னால் இருப்பது இதில் பின்னால் இருக்கிறது. 624 சிசி, இரண்டு சிலிண்டர் எஞ்சின் பின்சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. பின் சக்கரங்களைத்தான் அது சுழற்றுகிறது. ரேடியேட்டரும் பின்பக்கம்தான். முன் பானெட்டுக்குள் ஸ்டெப்னி, பிரேக் ஆயில் டப்பா, கண்ணாடி கழுவும் தண்ணீர், அப்புறம் பெட்ரோல் ஊற்றும் வாய். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

பெட்ரோல் பங்கில் ஆரம்பிக்கலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “அண்ணே, மூடி எங்கண்ணே இருக்கு?” என்று கேட்பான். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்துதான் காட்ட வேண்டும். அது வேடிக்கையாகத்தான் இருக்கும். தவறு நடப்பது ஊற்றி முடித்த பிறகு. பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள் என்று பானெட்டை லேசாக அமுக்கிவிட்டு ஏறிப் போய்விடுகிறோம். மற்ற கார்களில் பானெட்டைத் திறப்பது எப்போதாவது ஒரு நாள். இதில் பெட்ரோல் போடும்போதெல்லாம் திறந்தாக வேண்டும். அதனால் கொக்கி தேய்ந்து போவதற்கும், சரியாக மாட்டாமல் போவதற்கும் வாய்ப்பு அதிகம். திருமயம் பக்கம் நெடுஞ்சாலையில் போகும்போது பானெட் எகிறிக் கண்ணாடியில் அடித்தால் எதிரே ஒன்றும் தெரியாது. மூடிய பிறகு முன்விளிம்பில் விரல் கொடுத்து ஒரு தடவை மேலே தூக்கிப் பாருங்கள், அசையக் கூடாது. கொக்கிக்கு வருடத்தில் இரண்டு தடவை கொஞ்சம் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

முன்னால் இடம் இருக்கிறதே என்று துணிப்பை, பழைய செய்தித்தாள், கோயிலுக்கு வாங்கிய எண்ணெய் பாட்டில் என்று திணிப்பதும் வேண்டாம். பெட்ரோல் ஊற்றும் இடம் அது. சிந்துகிற சொட்டெல்லாம் துணியில்தான் ஊறும்.

பழைய மாடலில் டேங்க் 15 லிட்டர்தான். 2015இல் வந்த ஜென்எக்ஸில்தான் 24 ஆக்கினார்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ போய்வர 15 லிட்டர் தாராளம். ‘ஃபுல் டேங்க் போட்டாச்சு, நேரே சென்னைதான்’ என்று கிளம்பினால் கணக்கு உதைக்கும்.

பின்பக்கத்துக்கு வருவோம். விஷயம் அதிகம் இருப்பது இங்கேதான்.

2015க்கு முந்தைய நானோவில் பின்கதவு திறக்காது. பார்த்தால் திறக்கிற கதவு மாதிரியே இருக்கும், ஆனால் திறக்காது. பூட்டு சிக்கிக்கொண்டது என்று நினைத்து இழுத்து, நெம்பி, பெயின்ட்டைக் கெடுத்துக்கொண்ட வண்டிகளைப் பார்க்கலாம். சாமான் வைக்க வேண்டுமென்றால் பின்சீட்டின் சாய்வை மடக்கி உள்ளிருந்துதான் வைக்க வேண்டும். அப்படி வைக்கிற தளத்துக்குக் கீழேதான் எஞ்சின் இருக்கிறது. ஆச்சிமார் சீர் சாமானோடு கிளம்பும்போது வெண்கலப் பானை, எவர்சில்வர் அண்டா, பலகார டின் எல்லாம் அங்கேதான் ஏறும். மனகோலமும் சீப்புச்சீடையும் அந்தச் சூட்டைத் தாங்கிவிடும். மல்லிகைப்பூ தாங்காது, தயிர் தாங்காது, இன்சுலின் மாதிரி மருந்து கண்டிப்பாகத் தாங்காது. பூவையும் மருந்தையும் மடியிலோ முன்சீட்டுக்குக் கீழேயோ வைத்துக்கொள்ளுங்கள்.

எடையும் யோசிக்க வேண்டிய விஷயம். ஏற்கெனவே எஞ்சின் பாரம் பின்னால். அங்கேயே அரிசி மூட்டையையும் ஏற்றி, பின்சீட்டில் மூன்று பேரையும் உட்கார வைத்தால் முன்பக்கம் லேசாகிவிடும். ஸ்டீயரிங் பிடி தளர்ந்த மாதிரி தெரியும். பாரத்தைப் பின்சீட்டின் கால் வைக்கும் இடத்தில், வண்டியின் நடுப்பகுதிக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக வையுங்கள். ஜெனரேட்டருக்கு என்று கேனில் பெட்ரோல் வாங்கி எஞ்சின் தளத்தின் மேல் வைத்துக்கொண்டு போவது தவறு என்ற வகையிலேயே வராது, அது முட்டாள்தனம். ஆரம்ப வருடங்களில் சில நானோக்கள் தீப்பிடித்த செய்தி வந்து, 2010இல் நிறுவனமே எக்ஸாஸ்ட் பகுதிக்கும் மின்வயர்களுக்கும் கூடுதல் பாதுகாப்பு இலவசமாகச் செய்து தருவதாக அறிவித்தது. 2009, 2010 வண்டி என்றால் அந்த வேலை நடந்ததா என்று சர்வீஸ் விவரத்தில் பார்ப்பது நல்லது. ரோட்டோரக் கடையில் கூடுதல் ஸ்பீக்கர், கூடுதல் விளக்கு என்று ஃபியூஸ் இல்லாமல் வயர் இழுத்திருந்தால் முதலில் அதைப் பிடுங்குங்கள்.

இந்த வண்டியில் அதிகச் செலவு வைக்கிற தவறு ஆயில் பார்க்காமல் விடுவது. மற்ற காரில் பானெட்டைத் தூக்கினால் ஆயில் அளவு பார்க்கும் குச்சி கண் முன்னால் நிற்கும். இதில் சீட்டை மடக்க வேண்டும், தரைவிரிப்பை எடுக்க வேண்டும், எஞ்சின் மூடியைப் பிடித்திருக்கிற திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அந்தச் சோம்பேறித்தனத்தில் ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் யாருமே ஆயிலைப் பார்ப்பதில்லை. சின்ன எஞ்சின், பழைய எஞ்சின், சித்திரை வெயில். ஆயில் குறைவது சத்தமில்லாமல் நடக்கும். மாதம் ஒரு நாள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். குச்சியை வெளியே இழுத்துத் துணியால் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்தால், ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கையோடு சுற்றிலும் ஒரு நோட்டம் விடுங்கள்: ஆயில் கசிந்து செம்மண் ஒட்டிக் கட்டியாகியிருக்கிறதா, ஹோஸ் எங்காவது வெடித்திருக்கிறதா. பழகிவிட்டால் ஒரு காபி ஆறுவதற்குள் முடிகிற வேலைதான். திருகுகளைத் திரும்ப எல்லாவற்றையும் போடுங்கள். ‘ரெண்டு போட்டா போதும்ண்ணே’ என்று மிச்சத்தைத் தொலைத்துவிட்ட வண்டிகளில் எஞ்சின் சத்தமும் சூடும் நேரே உள்ளே வரும். நானோ சத்தம் ஆட்டோ மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் முதலில் இந்த மூடியைப் பார்க்கலாம்.

எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி சூடாகிவிட்டால் முன் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, ஆறும்வரை சும்மா விடுங்கள். காற்று வாங்கும் வழி பின் கதவுகளுக்குப் பின்னால், பக்கவாட்டில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் செம்மண் புழுதி அங்கேயும் அடிப்பக்கத்திலும் படிந்துபோகும். வண்டி கழுவும்போது கூரையையும் கதவையும் பளபளவென்று துடைத்துவிட்டு இதை விட்டுவிடுகிறோம். குழாய்த் தண்ணீர் விட்டால் போதும். வாட்டர் சர்வீஸில் எஞ்சின் பகுதிக்குள் வேகமாகப் பீய்ச்சச் சொல்லாதீர்கள், வயர் இணைப்புகளுக்கு அது ஆகாது.

டயர் விஷயத்தில் தவறு பெரும்பாலும் கடைக்காரர் நல்ல எண்ணத்தில் செய்வது. ‘முன் டயரைப் பின்னாலயும் பின் டயரை முன்னாலயும் மாத்திடறேன், ஒரே மாதிரி தேயும்’ என்பார். நானோவில் முன் டயர் 135/70 ஆர்12, பின் டயர் 155/65 ஆர்12. பின்னது அகலம். எஞ்சின் பாரத்துக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். முன்னுக்குப் பின் மாற்றக் கூடாது. பழைய வண்டி வாங்கப் போகும்போது நாலு டயரின் பக்கத்திலும் எழுதியிருப்பதைக் குனிந்து படியுங்கள். நாலும் ஒரே அளவாக இருந்தால் யாரோ மலிவாக வேலை முடித்திருக்கிறார்கள். முன்னால் இருக்கும் ஸ்டெப்னியும் 135தான். பின் சக்கரம் பஞ்சராகி அதை மாட்டினால் பஞ்சர் கடைவரை மெதுவாக ஓட்டிப் போகலாம், அதோடு சரி.

காற்றும் நாலுக்கும் ஒரே அளவு கிடையாது. பின்னால் கூடுதலாக வேண்டும். பங்கில் பொதுவாக நாலுக்கும் ஒரே அளவு அடித்துவிடுவார்கள். கையேட்டில் இருக்கும் அளவை ஒரு துண்டுத்தாளில் எழுதி வண்டியில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். அப்புறம், சக்கரத்துக்கு மூன்று நட்டுதான். ஒன்று விழுந்துவிட்டது என்று பதறுகிறவர்களும் உண்டு, இல்லை, கம்பெனியே மூன்றுதான் வைத்தது. அதனால் வேறு காரின் அலாய் வீல் இதில் உட்காராது. மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் மீதி இரண்டுதான் என்பதால் பஞ்சர் ஒட்டிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒரு தடவை இறுக்கிப் பார்ப்பது நல்லது.

ஊரில் நிறுத்தி வைக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சாவியைக் கொடுத்து, ‘வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணிடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். இது பாதி கெடுதல். ஸ்டார்ட்டுக்குச் செலவான கரண்ட்டை ஐந்து நிமிடத்தில் பேட்டரி திரும்பப் பெறாது. எஞ்சின் முழுக்கச் சூடாகாததால் சைலன்சருக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். ஓட்டத் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி, பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தால் வண்டிக்கும் நல்லது. ஆள் கிடைக்காவிட்டால் கிளம்பும்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரியைத் தேடி முன்னும் பின்னும் திறந்து பார்த்து அலுத்துப் போகாதீர்கள். அது முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துவிட்டு மாதக்கணக்கில் போவதும் வழக்கம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் பின் சக்கரத்து லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டால், தை மாதம் வந்து எடுக்கும்போது வண்டி நகராது. கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும். வெட்டவெளியில் நிறுத்திப் பிளாஸ்டிக் தார்ப்பாயைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும்.

எலி பழைய வீடுகளில் பெரிய தொல்லை. பானெட்டைத் திறந்து வைத்தால் எலி அண்டாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நானோவிலும் முன் பானெட்டைத் திறந்து வைத்திருப்பார்கள். எஞ்சின் பின்னால் இருக்கிறது. எலிக்கு அது தெரியும். சீட்டை மடக்கி எஞ்சின் மூடியைத் திறந்து வைப்பதும் ஆகாது, எலி நேரே வண்டிக்குள் வந்துவிடும். நெல், தவிடு வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் இருப்பதுதான் உருப்படியான வழி. வந்தவுடன் ஸ்டார்ட் செய்யாமல், முதலில் மூடியைத் திறந்து வயர்களைப் பாருங்கள்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நானோ அதற்கென்று செய்த வண்டி இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அரை டேங்கோடு ஆறு மாதம் நிறுத்துவதைவிட நிரப்பி நிறுத்துவது மேல். பெட்ரோல் ஹோஸ்கள் பழசாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம். 2014இல் வந்த ட்விஸ்ட் மாடலுக்கு முன் எந்த நானோவிலும் பவர் ஸ்டீயரிங் கிடையாது. வண்டி நின்றிருக்கும்போது ஸ்டீயரிங்கை முறுக்காமல், லேசாக உருளவிட்டுத் திருப்பினால் கையும் தப்பும், டயரும் தப்பும். திருப்பு வட்டத்தின் ஆரம் நாலு மீட்டர்தான், எந்தச் சந்திலும் திரும்பிவிடும். ஆனால் பைபாஸில் பேருந்தோடு போட்டி போட இது வண்டி இல்லை. உச்ச வேகமே 105தான், அதைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம். 2014இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் நானோவுக்குக் கிடைத்தது பூஜ்யம் நட்சத்திரம். ஏர்பேக் கிடையாது. பெல்ட் போடாமல் ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன சொல்வது. விலை குறைந்த மாடலில் இடப்பக்கக் கண்ணாடியும் இல்லை. சில நூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் ஆர்.சி.யில் தேதியைப் பார்க்க வேண்டும். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம்தான் செல்லும். 2010, 2011 நானோக்கள் அந்த எல்லைக்கு வந்துவிட்டன. தாண்டிய வண்டி என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் பதிவை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். பசுமை வரியும் தனியாக உண்டு. காலாவதியான ஆர்.சி.யோடு நாற்பதாயிரத்துக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், புதுப்பிக்கிற செலவு, அதற்கு முன் செய்ய வேண்டிய டயர், பிரேக், விளக்கு வேலை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். புதுப்பித்துப் பெயர் மாற்றித் தருவது விற்கிறவர் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டு, பாதிப் பணத்தைக் கையில் நிறுத்தி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.