பேஸ் கிட்டாரில் டோரியன்: ஆதாரத்தைக் காதில் நிறுத்திக் கற்பது

சி மேஜர் ஸ்கேலை டி-யிலிருந்து தொடங்கி வாசித்தால் டோரியன் என்னும் மேற்கத்திய ஸ்வர வரிசை (மோட்) வந்துவிடும் என்றுதான் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். கணக்குப்படி அது சரியே. ஆயினும் அப்படிக் கற்பவரின் காதில் சி-யே ஆதாரமாக, அதாவது மற்ற ஸ்வரங்கள் திரும்பி வந்து அமரும் ஸ்வரமாக, நின்றுகொண்டிருக்கும், டோரியனின் நிறம் தென்படவே தென்படாது.

ஈ, ஏ, டி, ஜி என்று ஸ்ருதி கூட்டிய நான்கு தந்தி பேஸிலேயே இதற்கு வழி இருக்கிறது. டி தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டி ஒலிக்க விட்டு, ஜி தந்தியில் மட்டும் 7, 9, 10, 12 ஆகிய ஃப்ரெட்டுகளை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளால் பிரிந்த இடங்களை) மெதுவாக வாசிக்க வேண்டும். அவை டி, ஈ, எஃப், ஜி. பின்பு 5, 4, 2 என இறங்கித் திறந்த தந்தியில் நின்றால் சி, பி, ஏ, ஜி கிடைக்கும். இடக்கை விரல் சற்றே சாய்ந்து பக்கத்துத் தந்தியைத் தொட்டாலும் ஆதாரம் அறுந்துபோகும் என்பதால், விரல் நுனியை நிமிர்த்தியே அழுத்த வேண்டும்.

இது பழகியபின், 4ஆம் ஃப்ரெட்டுக்குப் பதிலாக 3ஐ மட்டும் மாற்றி வாசித்தால் ஏயோலியன் என்னும் இன்னொரு மோட். மீண்டும் டோரியனுக்கு வந்து, 10ஐ 11 ஆக்கினால் மிக்ஸோலிடியன். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இம்மூன்றும் முறையே கரகரப்பிரியா, நடபைரவி, அரிகாம்போதி ஆகியவற்றின் ஸ்வரங்களே. கமகத்தை மட்டும் இங்கே தேடக் கூடாது. பஞ்சமம் குறைந்து ஒலிக்கும் லோக்ரியன் என்னும் மோடுக்கு ஈடான மேளகர்த்தா (தாய் ராகம்) கிடையாது. அதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

அடுத்து, ஃப்ரெட்டுகளின் குறுக்கே வாசிக்கும் வடிவம். ஏ தந்தியில் 5, 7, 8. டி தந்தியில் 5, 7. அதன்பின் கையை ஒரு ஃப்ரெட் பின்னுக்கு நகர்த்தி ஜி தந்தியில் 4, 5, 7. டி தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டிலும் அதே பி உண்டு, ஆனால் அதற்குச் சுண்டுவிரலை நீட்டித் துன்புறுத்த வேண்டியதில்லை. தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்துக்கொண்டு வாசித்தால் போதும்.

குழுவோடு வாசிக்கும்போது ஒவ்வொரு தாள வட்டத்தின் முதல் அடியிலும் டி விழட்டும். டோரியனை ஏயோலியனிலிருந்து பிரித்துக் காட்டும் பி-யை நான்காம் அடிக்கு வைத்துக்கொள்ளலாம். கீபோர்டில் ஜி மேஜர் ஒலித்தால் அந்த பி தாராளமாகப் பொருந்தும். ஜி மைனர் ஒலித்தால் அதிலுள்ள பி ஃப்ளாட்டோடு (பி-யை விட அரை ஸ்வரம் தாழ்ந்தது) உரசும் என்பதால், அங்கே ஏ-யில் நின்றுவிடுவதே முறை.