எலெக்ட்ரிக் குட்டி யானை வாங்கலாமா? பெங்களூரு சிறு வியாபாரிகளுக்கு ஒரு கணக்கு

எலெக்ட்ரிக் குட்டி யானை, அதாவது டாடா ஏஸ் மாதிரி சின்ன சரக்கு வண்டி வாங்க ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயத்துக்குப் பதில் தேடி வைத்துக்கொள்ளுங்கள்: ராத்திரி வண்டி எங்கே நிற்கும், அந்த இடத்துக்கு உங்கள் மீட்டரிலிருந்து கரண்ட் வருமா? ரேஞ்ச், சப்சிடி, பிராண்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான். யூடியூபில் வருகிற வீடியோக்கள் எல்லாம் ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்பதிலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் விவேக் நகரிலும் நம்மவர்கள் நடத்துகிற மாவு வியாபாரம், தண்ணீர் கேன், கேட்டரிங், மளிகை சப்ளை எதை எடுத்தாலும் வண்டி நிற்பது தெருவில். அதுவும் இன்றைக்கு இந்த வாசலில், நாளைக்கு அடுத்த சந்தில். மூன்றாவது மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று யோசிக்கிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம், பெட்ரோல் வண்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

இடம் இருக்கிறது, வீட்டு ஓனரும் சம்மதித்துவிட்டார் என்றால் அடுத்தது வயரிங். சின்ன சரக்கு வண்டிகள் பெரும்பாலும் சாதாரண 15 ஆம்ப் பிளக்கிலேயே சார்ஜ் ஆகும், சுமார் 3 கிலோவாட் இழுக்கும். பழைய வீடுகளில் சாங்ஷன் லோடே (இணைப்புக்கு அனுமதித்திருக்கும் அதிகபட்ச மின்சுமை) அவ்வளவுதான் இருக்கும் என்பதால் மேலே கீசரும் கீழே வண்டியும் ஒன்றாக ஓடினால் தாங்காது. எர்த்திங் சரியில்லாவிட்டால் பல சார்ஜர்கள் வேலையே செய்யாது. ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எர்த்திங்கைப் பார்த்து, தனி லைன் இழுக்க என்ன ஆகும் என்று கேட்டுவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி ராத்திரி முழுக்க விடுவது மட்டும் கூடவே கூடாது.

இதில் கர்நாடகத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது, ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு மாநில அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருக ஜோதியில் பில் பூஜ்யம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சலுகைக்கு மாதம் 200 யூனிட்தான் உச்சவரம்பு, அதைத் தாண்டினால் முழு பில்லும் கட்ட வேண்டும். தினமும் 70 கிமீ ஓடுகிற வண்டி ஒன்றே மாதம் 350 யூனிட்டுக்கு மேல் குடிக்கும். வீட்டு மீட்டரில் சொருகினால் வண்டி கரண்டோடு சேர்த்து, இதுவரை கட்டாத ஃபேன், ஃபிரிட்ஜ் கரண்டுக்கும் பணம் போகும். அதோடு வியாபார வண்டியை வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்வதே வில்லங்கம். பெங்களூருக்குக் கரண்ட் கொடுக்கிற பெஸ்காம் நிறுவனத்தில் இ.வி. (எலெக்ட்ரிக் வண்டி) சார்ஜிங்குக்கென்று தனி கட்டண வகை இருக்கிறது, அதில் தனி மீட்டர் கேளுங்கள். வாடகை இடமாக இருந்தால் ஓனரின் ஒப்புதல் கடிதம் தேவைப்படலாம், அதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

சரி, இப்போது கிலோமீட்டர். இரண்டு வாரம் உங்கள் இப்போதைய வண்டியின் ஓடோமீட்டரை காலையிலும் ராத்திரியிலும் எழுதி வையுங்கள். டிரைவரிடம் கேட்டால் "நூறு கிலோமீட்டர் ஓடுதுண்ணே" என்பார், எழுதிப் பார்த்தால் 55 இருக்கும், ஏனென்றால் சில்க் போர்டு ஜங்ஷனில் நிற்கிற நேரமும் அவருக்கு ஓடின மாதிரிதான் தெரியும். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். அதிகம் ஓடிய நாள் எவ்வளவு, அப்படிப்பட்ட நாள் மாதத்தில் எத்தனை தடவை வருகிறது என்பதும் வேண்டும்.

குறைவாக ஓடினால் எலெக்ட்ரிக் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் தலைகீழாக வரும். நான் வைத்துக்கொள்ளும் எண்கள் இவை, உங்களுடையதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்: பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லோடோடு நகரத்துக்குள் லிட்டருக்கு 16 கிமீ என்றால் கிலோமீட்டருக்கு 6.25 ரூபாய். எலெக்ட்ரிக்கில் சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 100 கிமீக்கு 20 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 1.60. மிச்சம் 4.65 ரூபாய். ஒரு நாளைக்கு 70 கிமீ, மாதம் 26 நாள் ஓட்டினால் மாதம் சுமார் 8,460 ரூபாய் மிச்சமாகும். இதே வண்டி தினமும் 25 கிமீதான் ஓடுகிறது என்றால் மிச்சம் 3,000 ரூபாயைச் சுற்றித்தான் நிற்கும்.

இதை விலை வித்தியாசத்தோடு வைத்துப் பாருங்கள். டாடா ஏஸ் புரோ 2025 ஜூனில் வந்தபோது பெட்ரோல் 3.99 லட்சத்திலும் எலெக்ட்ரிக் 6.50 லட்சத்திலும் தொடங்கின, இரண்டரை லட்சம் வித்தியாசம். அதற்கு அப்புறம் 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல், டீசல் சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. எலெக்ட்ரிக்குக்கு முன்பிருந்தே 5 சதவீதம்தான், அதில் குறைய ஒன்றுமில்லை. அதனால் விலை இடைவெளி முன்பைவிட அதிகமாகியிருக்கத்தான் வேண்டும். வயரிங், கூடுதல் வட்டி எல்லாம் சேர்த்து 3 லட்சம் என்று வைத்தால், 70 கிமீ ஓட்டுகிறவருக்கு ஏறத்தாழ மூன்று வருடத்தில் போட்ட பணம் திரும்பும். 25 கிமீ ஓட்டுகிறவருக்கு எட்டு வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் வண்டியே கிழடாகிவிடும்.

வீட்டில் சார்ஜ் போட முடியாது, வெளியே பப்ளிக் சார்ஜரில் போட்டுக்கொள்கிறேன் என்கிறவர்களுக்கும் ஒரு வரி. அங்கே யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 23.60 ஆகிறது. கிலோமீட்டருக்கு 4.72 ரூபாய். அதே 70 கிமீக்கு மாத மிச்சம் 2,800 ரூபாய்கூட இல்லை, மூன்று வருடம் ஒன்பது வருடமாகிறது. கேப் வண்டிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற நேரத்துக்கு டிரைவர் சம்பளம் தனி. முதல் பத்தியில் நான் பார்க்கிங்கைப் பிடித்துக்கொண்டு தொங்கியது இதனால்தான்.

ஒரு நாளில் ஓட்டுகிற தூரத்துக்கு மேல் வரம்பும் ஒன்று உண்டு. கம்பெனி சொல்கிற ரேஞ்ச் டெஸ்டில் எடுத்த எண். ஏஸ் புரோ இ.வி.க்கு 14.4 கிலோவாட் அவர் பேட்டரி, அதாவது நம் கரண்ட் பில் கணக்கில் 14.4 யூனிட், அதற்கு 155 கிமீ என்கிறார்கள். 2022இல் அறிமுகமான ஏஸ் இ.வி.யில் 21.3 யூனிட் பேட்டரி, அதற்கு 154 கிமீ. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே, கம்பெனி சொல்லும் ரேஞ்சை நம்பி ரூட் போடக்கூடாது என்று புரிந்துவிடும். சொல்கிறதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு, அதிலும் 15 சதவீதத்தை அவசரத்துக்கு விட்டுவிட்டு, மிச்சத்தில் உங்கள் நாள் அடங்குகிறதா என்று பாருங்கள். கலாசிபாளையத்திலிருந்து ஓசூர் போய்த் திரும்ப சுமார் 80 கிமீ. கேட்பதற்குச் சின்னதாக இருந்தாலும் முழு லோடோடு ஹைவேயில் வேகமாகப் போகும்போது சார்ஜ் மளமளவென்று இறங்கும். நகரத்துக்குள் நெரிசலில் ஊர்ந்து போவதுதான் எலெக்ட்ரிக்குக்குத் தோது: நிற்கும்போது பெட்ரோல் எரிவதில்லை, பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் கரண்ட் திரும்பி பேட்டரிக்குப் போகிறது. பெங்களூரு டிராஃபிக்கால் ஆதாயம் அடைகிற ஒரே வண்டி இதுவாகத்தான் இருக்கும்.

லோடு விஷயத்தில் நேர்மையாக இருங்கள். ஏஸ் புரோவுக்கு 750 கிலோ, முதலில் வந்த ஏஸ் இ.வி.க்கு 600 கிலோ, 2024இல் வந்த ஏஸ் இ.வி. 1000க்கு ஒரு டன். நம் ஊர் பழக்கம் என்ன? பழைய டீசல் குட்டி யானையில் ஒன்றரை டன் ஏற்றிவிட்டு "தாங்கும்பா" என்பது. எலெக்ட்ரிக்கில் அப்படி ஏற்றினால் ரேஞ்ச் நன்றாகவே குறையும், வாரண்டிக்கும் பிரச்சினை வரலாம். தண்ணீர் கேன் என்றால் 20 லிட்டர் கேன் ஒன்றுக்கு 20 கிலோவுக்கு மேல், 35 கேனிலேயே 700 கிலோ தாண்டிவிடும். ஒரு நாள் முழு லோடோடு எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள், உங்களுக்கு எந்த மாடல் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

வியாபாரத்தின் நேரமும் முக்கியம். அதிகாலையில் மாவு பாக்கெட் போட்டுவிட்டு பத்து மணிக்குத் திரும்பி, சாயங்காலம் மறுபடி ஒரு சுற்று போகிறவர்களுக்கு இது ரொம்பப் பொருந்தும், ஏனென்றால் நடுவில் நாலு மணி நேரம் பிளக்கில் நின்றாலே 12 யூனிட் ஏறிவிடும், சின்ன பேட்டரிகூடப் போதும். கே.ஆர். மார்க்கெட்டில் விடியலுக்கு முன் பூ எடுக்கப் போகிறவர்கள் ராத்திரி கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து வைக்க வேண்டும். முந்தின நாள் மதியமே ஏற்றி வைக்கிற பழக்கம் அதற்குப் போதும்.

சேல்ஸ்மேன் சொல்வதில் சில உண்மை, சில வெறும் பந்தா. பெர்மிட் வேண்டாம் என்பார். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டி எதற்குமே மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை, அந்த அளவுக்குள் இருக்கிற உங்கள் பெட்ரோல் வண்டிக்கும் சேர்த்துத்தான். மத்திய அரசு சப்சிடி என்பார். 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் இரண்டு சக்கரம், மூன்று சக்கரம், ஆம்புலன்ஸ், லாரி, பஸ் ஆகியவற்றைச் சேர்த்தார்கள்; இந்த அளவு நாலு சக்கர சரக்கு வண்டியைச் சேர்க்கவில்லை. தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸில் எலெக்ட்ரிக் சரக்கு வண்டிக்கு 15 சதவீதத் தள்ளுபடியை 2022இல் அறிவித்தார்கள், அதைக் கொட்டேஷனில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இன்ஜின் ஆயில், கிளட்ச், ஆயில் ஃபில்டர் செலவு இல்லை என்பது உண்மைதான். டயரும் சஸ்பென்ஷனும் பள்ளத்தில் விழும்போது பெட்ரோலா பேட்டரியா என்று பார்ப்பதில்லை.

லோன் கேட்கும்போது ஒரே நாளில் பெட்ரோல் வண்டிக்கும் எலெக்ட்ரிக்குக்கும் தனித்தனியாக வட்டியும் தவணைக் காலமும் எழுதி வாங்குங்கள். வாரண்டி தாளில் வருடத்தை விட, பேட்டரி எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைத் தேடுங்கள். வண்டி சர்வீஸில் நாள்கணக்காக நின்றால் மாற்று வண்டி உண்டா என்றும் கேளுங்கள். ரீசேல் மதிப்பைப் பூஜ்யம் என்றே வைத்துக் கணக்குப் போடுவது என் வழக்கம். அப்படிப் போட்டும் லாபம் வந்தால் தைரியமாக இறங்கலாம்.

கடைசியாக டெமோ. ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடிப்பது டெமோ இல்லை. ஒரு முழு நாள் கேளுங்கள், தராவிட்டால் மாத வாடகைக்கு ஒன்றை எடுங்கள். உங்கள் சரக்கை ஏற்றி, உங்கள் ரூட்டில், உங்கள் டிரைவரே ஓட்டட்டும், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சார்ஜ் சதவீதத்தை எழுதச் சொல்லுங்கள். சாயங்காலம் அவர் முகத்தையும் பாருங்கள், வண்டி பிடிக்காத டிரைவரிடம் எந்த ரேஞ்சும் வராது. வாங்கினாலும் பழைய வண்டியை உடனே தள்ளிவிட வேண்டாம். எஃப்சியும் (ஃபிட்னஸ் சான்றிதழ்) இன்ஷூரன்ஸும் முடிய எத்தனை மாதம் இருக்கிறதோ அதுவரை ஓசூர் லோடுக்கும் முகூர்த்த நாட்களுக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள், எஃப்சி புதுப்பிக்கிற நேரம் வரும்போது அது அதுவரை எத்தனை நாள் வெளியே எடுக்கப்பட்டது என்று நோட்டைப் பார்த்து விற்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யலாம்.