பொன் ரேக்கு ஒட்டிய மெழுகுதிரித் தண்டுகளைத் துடைக்கும் முறை

முதல் வேலை, தண்ணீர் வாளியை அப்பால் வைப்பது. என் பெரியம்மாவின் மட்டக்களப்புப் புளியந்தீவு வீட்டில் நிற்கும் சோடியைப் போன்ற பழைய இத்தாலியத் தண்டுகள் பலவற்றில் மரத்துக்கு மேல் ஜிப்சம் என்னும் வெள்ளைக் கனிமப் பொடியும் விலங்குப் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, அதன்மேல் செங்களிமண், அதற்கும் மேலேதான் தங்க ரேக்கு. ஈரம் பட்டால் பசை இளகும், தங்கம் துணியோடு வந்துவிடும். குத்துவிளக்குக்குப் போடும் புளியும் பிராசோவும் இதற்கு ஆகவே ஆகாது.

காய்ந்த, மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டுங்கள். பூச்சு தூக்கிக்கொண்டு நிற்கும் இடத்தில் அதுவும் வேண்டாம். விளிம்புகளில் சிவப்புத் தெரிந்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள், அது அடிக் களிமண். கடையில் வாங்கும் தங்கப் பெயின்ற்றால் அதை மூடுவது எனக்குப் பிடிக்காத வேலை. அதில் பெரும்பாலும் இருப்பது பித்தளைப் பொடி, போகப்போகக் கறுக்கும்.

மாரியில் வாவிக்கரை வீட்டுச் சுவர்கள் வியர்க்கும்; தண்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சூடான, காய்ந்த கச்சான் காற்று வீசும்போது மரம் சுருங்கிப் பூச்சு வெடிக்கும், அதனால் யன்னலுக்கு நேரேயும் வேண்டாம்.

அடிப்பாகத்தையும் பாருங்கள். சின்னத் துளையும் கீழே மாவு போலப் புதுத் தூளும் இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. அந்த ஒன்றை உடனே மற்ற மரச் சாமான்களிலிருந்து பிரித்து வையுங்கள்.

நத்தாருக்கு ஏற்றத்தான் வேண்டுமா? சரி, பற்றரித் திரி வையுங்கள்.