கதை எழுதுபவர்களுக்கு வலைப்பூ: ஒருமுறை வந்த வாசகர் மறுபடி வர என்ன செய்யலாம்?

வலைப்பூ தொடங்கியாயிற்று, கதையும் போட்டாயிற்று. சுட்டியைப் பகிர்ந்தால் கொஞ்சம் பேர் வந்து படிக்கிறார்கள், நன்றாக இருக்கிறது என்கிறார்கள், போய்விடுகிறார்கள். அடுத்த கதைக்கு அவர்களைக் காணோம். கதை பிடிக்காததால் அல்ல. நீங்கள் அடுத்து எழுதியதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அதைச் சரிசெய்யும் வழிகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். கணக்கு தொடங்குவது, டெம்ப்ளேட் மாற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உங்கள் பெயரில் டொமைன்

பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா? கதையும் கட்டுரையும் மட்டும் போடப் போகிறவருக்கு நான் பிளாகரைத்தான் சொல்வேன். பராமரிப்பு வேலை கிட்டத்தட்ட இல்லை. அந்த நேரத்தில் எழுதலாம். எதை எடுத்தாலும் சொந்த டொமைன் (உங்களுக்கென்று வாங்கும் இணைய முகவரி) வாங்கி இணைத்துவிடுங்கள். நாளைக்குத் தளம் மாறினாலும் வாசகர் அதே முகவரிக்கு வருவார். டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும், நாவலின் பெயரில் வேண்டாம். அடுத்த நாவல் வரும்போது அது பொருந்தாது.

படி 2: பெர்மாலிங்க் (இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்)

பெர்மாலிங்க் என்பது ஒவ்வொரு பதிவுக்கும் உள்ள நிலையான முகவரி. என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது இதுதான். வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத் தலைப்பை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன, அதனால் இந்தச் சிக்கல் அவற்றில் வருவதே இல்லை.

தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால் பிளாகர் அதை முகவரியில் சேர்க்காது. 'பிளாக்-போஸ்ட்' என்று ஆங்கிலத்தில் போட்டு, பின்னால் ஒரு எண்ணை ஒட்டிவிடும். பத்துக் கதை போட்டால் பத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே முகவரி. சுட்டியைப் பார்த்து எது எந்தக் கதை என்று யாராலும் சொல்ல முடியாது.

வேர்ட்பிரஸ்ஸில் சிக்கல் வேறு மாதிரி. அது தமிழை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆனால் சுட்டியை நகலெடுத்து ஒட்டினால், விழுக்காட்டுக் குறியும் எழுத்தும் எண்ணுமாக நீளமாக வந்து விழும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். முகவரியில் அது 9 குறிகளாக விரியும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. முகவரியில் தலைப்பு வரும் பகுதிக்கு வேர்ட்பிரஸ் வைத்திருக்கும் வரம்பு 200 குறிகள். ஆக, இருபத்திரண்டு குறியீடு தாண்டினால் வால் அறுந்துவிடும். 'சிறுகதை: மூன்றாம் மாடி ஜன்னல்' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். முகவரியில் ஜன்னல் முழுதாக வராது, 'ஜன' என்பதோடு நின்றுவிடும்.

தீர்வு ஒன்றுதான். வெளியிடுவதற்கு முன்பே பெர்மாலிங்க்கை நீங்களே எழுதுங்கள். தலைப்பின் முக்கியமான மூன்று நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்துகளாக, இடையில் சிறுகோடு போட்டு எழுதினால் போதும். 'சிறுகதை', 'பகுதி' போன்றவை அதில் வேண்டாம். பிளாகரில் இது எடிட்டரின் வலப்பக்கம், பெர்மாலிங்க் என்பதன் கீழே 'கஸ்டம்' என்று இருக்கும்.

ஏற்கெனவே வெளியிட்டிருந்தால்? பிளாகரில் பதிவை வரைவுக்குத் திருப்பினால்தான் மாற்ற முடியும். மாற்றியதும் பழைய சுட்டி செத்துவிடும். அதனால் கையோடு செட்டிங்ஸில் 'கஸ்டம் ரீடைரக்ட்ஸ்' போய்ப் பழைய பாதையிலிருந்து புதிய பாதைக்கு ஒரு வழி போட்டு, 'பெர்மனென்ட்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். டொமைன் பெயரை விட்டுவிட்டு, சாய்கோட்டிலிருந்து தொடங்கும் பகுதியை மட்டும் அங்கே கொடுக்க வேண்டும். வேர்ட்பிரஸ் பழைய முகவரியை நினைவில் வைத்துத் தானே திருப்பிவிடும்.

படி 3: கதை முடிந்ததும் கீழே என்ன இருக்கிறது?

கதையை முடித்த அந்த நிமிடத்தில்தான் வாசகர் உங்கள் அருகில் இருக்கிறார். அங்கே பத்துப் பகிர்வு பட்டன்களையும் லேபிள் மூட்டையையும் வைக்காதீர்கள். ஒரே ஒரு கதையின் சுட்டி, அது ஏன் இவருக்குப் பிடிக்கும் என்று ஒரு வரி. அப்புறம் மின்னஞ்சல் பெட்டி. இந்தச் சுட்டியைக் கையால் போடுங்கள். தானாக வரும் 'தொடர்புடைய பதிவுகள்' பெரும்பாலும் லேபிள் போன்றவற்றைத்தான் பார்க்கும். எந்தக் கதைக்குப் பின் எதைப் படிக்க வேண்டும் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும்.

படி 4: மின்னஞ்சல் பட்டியல்

சமூக வலைத்தளத்தில் பின்தொடர்பவர்களை நம்பி இருக்காதீர்கள். யாருக்கு எதைக் காட்டுவது என்பதை அந்தத் தளம் முடிவு செய்யும். மின்னஞ்சல் பட்டியல் உங்கள் கையில் இருப்பது.

பழைய வழிகாட்டிகள் இன்னும் கூகுளின் ஃபீட்பர்னரைச் சொல்கின்றன, புதிய பதிவை மின்னஞ்சலில் அனுப்பிவந்த சேவை அது. அதன் மின்னஞ்சல் வசதி 2021-லேயே நின்றுவிட்டது, அதில் நேரம் செலவிட வேண்டாம். எந்தச் சேவையை எடுத்தாலும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (எக்செல் போன்றவற்றில் அட்டவணையாகத் திறக்கும் எளிய கோப்பு) இறக்கிக்கொள்ள விட வேண்டும். சப்ஸ்டாக் என்ற மின்மடல் சேவை விடுகிறது. இன்னொன்று, சேர்பவருக்கு உறுதிப்படுத்தும் மடல் போகும் வசதி. தவறான முகவரிகள் அதிலேயே கழிந்துவிடும்.

பெட்டியில் 'சந்தா செய்க' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் கை வராது. 'புதிய கதை வரும்போது ஒரு மடல், வேறு எதுவும் வராது' என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

படி 5: எதை வலைப்பூவில் போடக் கூடாது

இது எழுத்தாளர்களுக்கே உரிய சிக்கல். வலைப்பூவில் வந்ததை 'ஏற்கெனவே வெளியானது' என்று கருதும் இதழ்கள் உண்டு, போட்டிகளும் உண்டு. அனுப்ப நினைக்கும் கதையைப் போடாதீர்கள்.

மின்னூலை நீங்களே வெளியிட அமேசான் தரும் கிண்டில் நேரடிப் பதிப்பில் (கேடிபி) 'கேடிபி செலக்ட்' என்ற திட்டத்தில் சேர்ந்தால் இன்னும் கவனம் தேவை. அதில் இருக்கும் 90 நாளும் அந்த மின்னூலின் உள்ளடக்கம் வேறெங்கும் மின்வடிவில் இருக்கக் கூடாது. உங்கள் சொந்த வலைப்பூவும் இதில் அடக்கம். 10 சதவீதம் வரை மாதிரியாக வைக்கலாம். காலம் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் அதையும் நிறுத்த வேண்டும். நாவலைத் தொடராகப் போட்டுவிட்டு மின்னூலாக்குபவர்கள், அந்த 10 சதவீதத்துக்குள் அடங்கும் முதல் ஒன்றிரண்டு அத்தியாயத்தைத் தவிர மற்றதை எடுத்துவிட்டுத்தான் சேர வேண்டும். அத்தியாயங்களின் பக்கத்தை அழிக்காமல், அங்கே புத்தகத்தின் சுட்டியை வையுங்கள். பழைய பகிர்வுகள் வழியாக வருகிறவர் வெறும் பிழைப் பக்கத்தில் நிற்க மாட்டார்.

அப்படியானால் வலைப்பூவில் என்னதான் போடுவது? கதைக்காகத் தேடிப் படித்தவை, ஒரு காட்சியை வெட்டிய காரணம், வாசித்த புத்தகங்கள், ஏற்கெனவே அச்சில் வந்து உரிமை உங்களிடம் இருக்கும் கதைகள். என் அனுபவத்தில் புதிய வாசகரை அதிகம் கூட்டி வருவது இந்த முதல் வகைதான். கதையைத் தேடி யாரும் கூகுளுக்குப் போவதில்லை, ஒரு தகவலைத் தேடிப் போவார்கள்.

சேர்க்கை: வாட்ஸ்அப்பில் பகிரும்போது படம் வரவில்லை என்று பின்னூட்டத்தில் சிலர் கேட்டிருந்தார்கள். பதிவுக்குள் ஒரு படமாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபேஸ்புக்கில் பழைய படமே வந்தால், அவர்களுடைய 'ஷேரிங் டீபக்கர்' பக்கத்தில் சுட்டியை ஒட்டி 'ஸ்க்ரேப் அகெய்ன்' அழுத்துங்கள்.

இன்னொரு சேர்க்கை: படி 4-இல் சொன்ன சிஎஸ்வி கோப்பாக இறக்கிய மின்னஞ்சல் பட்டியலை எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன என்கிறார்கள். கோப்பு கெடவில்லை, அந்த நிலையில் சேமிக்காமல் மூடிவிடுங்கள். வெற்றுத் தாளைத் திறந்து, 'டேட்டா' பட்டியில் 'டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, 65001 யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் பெயர்கள் சரியாக வரும். கூகுள் ஷீட்ஸில் திறந்தால் இந்தத் தொல்லையே இல்லை.