திங்கட்கிழமையும் ஆண்டவர் சமுகத்தில்

கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்) பந்தலில் உணர்ந்த ஆண்டவருடைய பிரசன்னம், திங்கட்கிழமை காலை மாட்டுத்தாவணி பஸ்ஸில் நசுங்கி நிற்கும்போது காணோமே என்று கலங்குகிறவர்கள் நிறைய. சங்கீதம் 16:8-ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள்: "கர்த்தரை எப்பொழுதும் எனக்கு முன்பாக வைத்திருக்கிறேன்." உணர்கிறேன் என்று சொல்லவில்லை. வைப்பதுதான் நம் வேலை. உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் அந்த வசனம் தொடர்ந்து சொல்கிறபடி அவர் நம் வலதுபாரிசத்தில்தான், வலது பக்கத்தில்தான், இருக்கிறார்.

வாரத்துக்கு ஒரு வசனம் போதும். காலையில் போனைத் தொடுமுன் 10 நிமிடம் உட்காருங்கள். வசனத்தை மூன்று தரம் வாய்விட்டு வாசித்து, அன்றைய வேலையை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி ஒப்புக்கொடுங்கள். "இந்த நாளை ஆசீர்வதியும்" என்று மொத்தமாகச் சொன்னால் கடை திறப்பதற்குள் மறந்துவிடும். "11 மணிக்கு பேங்க்கில் லோன் விஷயமாகப் பேசப்போகிறேன், கூட வாரும்" என்று சொல்லியிருந்தால், பேங்க் படியேறும்போது அந்த ஜெபம் தானாக நினைவுக்கு வரும். விடியுமுன்பே பூ மார்க்கெட்டுக்கு ஓடுகிறவர்கள் இதை வியாபாரம் ஓய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நேரம் மாறுவதில் பாவம் ஒன்றுமில்லை.

வீட்டு வாசலைத் தாண்டும்போது சங்கீதம் 121:8: "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." செருப்பு மாட்டும் நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம்.

கஷ்டமான இடம், யாராவது சுருக்கென்று கேட்டதும் பதில் சொல்லும் இடம். நெகேமியா 2:4-ல், பெர்சிய ராஜா தன் பானபாத்திரக்காரனான நெகேமியாவிடம் கேள்வி கேட்கிறார். நெகேமியா ஜெபம்பண்ணிவிட்டு, அதன்பிறகே பதில் சொல்கிறார். ராஜா முன்னால் முழங்கால்படியிட நேரம் ஏது? ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம், "ஆண்டவரே, நீர் பேசும்" என்ற மூன்று வார்த்தை, அவ்வளவே. மாமியார், மேனேஜர், கடன் கேட்டு வந்தவர், யாராயிருந்தாலும் இதே முறைதான். தவறிப்போய்க் கத்திவிட்டால் ஞாயிறு ஆராதனைவரை தள்ளிப்போடாதீர்கள். அங்கேயே ஆண்டவரிடம் தவறை அறிக்கையிட்டு, அந்த ஆளிடமும் மன்னிப்புக் கேளுங்கள். ஆதாம் மரத்துக்குப் பின்னால் ஒளிந்த மாதிரி ஒளிந்தால் நாள் முழுக்க ஜெபிக்க வாய் வராது.

ஜெபமே ஓடவில்லை, ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்று தோன்றினால், முதலில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று பாருங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் (தழலில் சுட்ட அப்பம்) தண்ணீரும் கொடுத்தான், அதுவும் இரண்டு தரம் (1 இராஜாக்கள் 19). ஆண்டவர் மெல்லிய சத்தத்தில் பேசியது அதற்கப்புறம்தான். வாரக்கணக்கில் சோர்வு நீடித்தால் பாஸ்டரைப் பாருங்கள், டாக்டரையும் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஜனவரி 1-ம் தேதி சபையில் கையில் வந்த வாக்குத்தத்த அட்டையையோ (அந்த வருஷத்துக்கான வேதவசனம் எழுதிய அட்டை), மனதில் வந்த சமாதானத்தையோ மட்டும் நம்பி, "ஆண்டவர் சொல்லிவிட்டார்" என்று இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்றிதழ் வாங்கிப் பாருங்கள், விவரம் தெரிந்த இரண்டு பெரியவர்களிடம் கேளுங்கள்.

ராத்திரி படுக்கையில் இரண்டே கேள்வி: இன்று எங்கே அவர் கூட இருந்தது தெரிந்தது, எங்கே மறந்தேன்? 5 நிமிடம் போதும். தூக்கம் வந்தால் பாதியிலேயே தூங்கிவிடுங்கள். மிச்சத்தைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம்.