ஸ்கூல் டீமுக்கு ஊர் கதையில இருந்து மஸ்காட் புடிக்கிறது எப்படி

அமெரிக்கால ஹை ஸ்கூல் மஸ்காட்னாலே, அதாவது டீமோட அடையாளமா வச்சுக்கற பேரு, பொம்மை வேஷம்னாலே, ஈகிள், டைகர், புல்டாக்தான், பக்கத்து ஊர் ஸ்கூலும் அதையேதான் வச்சிருக்கும். உங்க பசங்க ஸ்கூல்ல மஸ்காட் மாத்தற பேச்சு வந்து கமிட்டில உங்களையும் இழுத்து விட்டுட்டாங்கன்னா, மிருகத்தை விடுங்க, அந்த ஊரு எதை வச்சு பொழச்சுதுன்னு மொதல்ல பாருங்க.

வாஷிங்டன் மாநிலத்துல கேமஸ் ஊரு பேப்பர் மில்லால வளந்துச்சு, அங்க டீம் பேரே பேப்பர்மேக்கர்ஸ். யூட்டால ஜோர்டன் ஹை ஸ்கூல் டீம் பீட்-டிக்கர்ஸ், சர்க்கரைக்காக பீட் கிழங்கு தோண்டுன ஏரியா. எனக்கு ரொம்ப புடிச்சது அரிசோனால இருக்கற யூமா. 1909ல மூடுன ஜெயில் கட்டடத்துல 1910 முதல் 1914 வரை ஸ்கூல் நடந்துருக்கு, எதிர் டீம்காரங்க கிரிமினல்ஸ்னு கத்திருக்காங்க, மொதல்ல கோவப்பட்டவங்க அப்புறம் அதையே பேரா வச்சுக்கிட்டாங்க! அதனால பக்கத்து ஊர்க்காரன் உங்களை என்ன சொல்லி ஓட்டறான்னும் கேட்டு எழுதிக்கோங்க, சில சமயம் நல்ல பேரு அங்கதான் கெடைக்கும்.

லைப்ரரில பழைய நியூஸ்பேப்பர், ஸ்கூலோட பழைய இயர்புக் புரட்டுங்க, மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்ககிட்ட பேசுங்க. பூர்வகுடி மக்களோட பேரு, எறகு கிரீடம் பக்கம் மட்டும் போகாதீங்க, மெய்ன் மாநிலம் 2019லயே பப்ளிக் ஸ்கூல்ல அதை சட்டம் போட்டு தடுத்துருச்சு. ஊர்ல இருக்கற கம்பெனியோட லோகோவையும் கேக்காம எடுக்காதீங்க.

பேரு செலக்ட் ஆச்சா, கேலரில கத்திப் பாருங்க, ரொம்ப நீளமா இருந்தா வாய்ல நிக்காது. அப்புறம் காஸ்ட்யூம். பெரிய ஃபோம் தலைக்குள்ள இருக்கற பையனுக்கு பெரும்பாலும் வாய் பக்கம் இருக்கற வலை வழியாதான் வெளிய தெரியும், அதுவும் நேரா மட்டும், பின்னாடி வந்து வாலையோ கையையோ இழுக்கற குட்டிப் பசங்க கண்ணுலயே பட மாட்டாங்க, அதனால கூடவே ஒரு ஆள் நடக்கணும். உள்ள வேர்த்து ஊத்தும், அடிக்கடி தலையைக் கழட்டி தண்ணி குடிக்க வைங்க, ஆனா கூட்டத்துக்கு முன்னாடி கழட்ட விடாதீங்க, சின்னப் பசங்க அழுதுருவாங்க.

யூனிஃபார்ம் எல்லாத்தையும் ஒரே வருஷத்துல மாத்தணும்னு கெடையாது, பழசாக பழசாக மாத்துங்க. ஜிம் தரையில, அதாவது ஸ்கூலோட உள்விளையாட்டு அரங்குத் தரையில, இருக்கற பழைய மஸ்காட் படத்தை, எப்படியும் தரையைத் தேச்சு பாலிஷ் போடற வருஷம் வரும்ல, அப்ப மாத்திக்கலாம்.